போனில் டாக்டர், கையில் கடிதம்: கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா அட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஹோசேயில் இருக்கும் என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ தொடங்கிய இரண்டாவது வாரமே ரசம் சாதம்கூட வயிற்றில் தங்கவில்லை. வாந்தி மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த பிறகு, "இந்த ஊரில் இன்னொரு வழியும் சட்டப்படி இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்" என்று புற்றுநோய் டாக்டரே சொன்னார். அப்புறம் போனில் டாக்டரிடம் பேசியது, கடிதம் வாங்கியது, கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கு அலைந்தது எல்லாவற்றையும் அத்தைக்காக நான்தான் செய்தேன். அதிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக, தயங்கித் தயங்கி, என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. தேடிப் படித்ததையும் நேரில் பட்டதையும் சொல்கிறேன். உங்களிடம் அமெரிக்கக் குடியுரிமை இல்லையென்றால் முதலில் எச்-1பி, கிரீன் கார்டு பற்றிய கேள்வியைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

போனில் பேசினால் அட்டை வந்துவிடுமா?

வராது. போனில் பேசினால் கிடைப்பது டாக்டரின் பரிந்துரைக் கடிதம். அட்டை என்பது வேறு. அதை நீங்கள் வசிக்கும் கவுன்டியின் சுகாதாரத் துறை மட்டுமே தரும். மாநிலத்தின் அடையாள அட்டை அதுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நாங்கள் பணத்தை விட்டோம். அத்தையிடம் பேசிய நிறுவனம் கடிதத்தோடு, கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றையும் தபாலில் அனுப்பியது. பார்க்க அரசாங்க அட்டை மாதிரியே இருந்தது. கடையில் அதை நீட்டியபோது, கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக எங்களுக்கு விளக்கினார்: "இது உங்கள் கடிதத்தின் சின்னப் பிரதி, அவ்வளவுதான். இதற்கு வரிச் சலுகை கிடையாது." கடிதம் இருந்தாலே கடையில் நோயாளியாக வாங்க முடியும். அந்த பிளாஸ்டிக்குக்குக் கொடுத்த காசு வீண்.

ஏன் "பரிந்துரை" என்கிறார்கள்? டாக்டர் மருந்துச் சீட்டு எழுதித் தந்தால் என்ன?

எழுத முடியாது. 1970-ல் வந்த மத்திய அரசின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில், அதாவது மருத்துவப் பயனே இல்லாதவை என்ற பட்டியலில் வைத்தது. அதை மூன்றாம் பட்டியலுக்கு, அதாவது மருத்துவப் பயன் உண்டு என்று ஏற்கும் பட்டியலுக்கு, மாற்றலாம் என்று 2024 மே மாதம் நீதித் துறை முன்மொழிந்தது. ஆனால் அப்படி மாற்றினாலும் ஒரு மாநிலம் கொடுக்கும் அட்டை மத்திய அரசின் அனுமதியாக ஆகிவிடாது.

கலிபோர்னியாவில் இதற்கு வழி திறந்தவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்த மேரி ஜேன் ராத்பன் என்ற முதிய பெண்மணி, சாப்பிட முடியாமல் உருகிக்கொண்டிருந்த நோயாளிகளுக்குக் கஞ்சா கலந்த பிரவுனி சுட்டுக் கொடுத்தார். கஞ்சா பிரவுனிக்காக மூன்று முறை கைதானார். "பிரவுனி மேரி" என்றால் அந்த ஊருக்கே தெரியும். அவரும் போராளி டென்னிஸ் பெரோனும் இன்னும் பலரும் உழைத்ததால்தான், மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் ப்ரொபசிஷன் 215 என்ற சட்டம் 1996 நவம்பர் 5 அன்று மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. டாக்டர் நோயாளியிடம் கஞ்சாவைப் பரிந்துரைப்பது பேச்சுரிமைக்குள் வரும், அதற்காக அவருடைய உரிமத்தில் மத்திய அரசு கை வைக்க முடியாது என்று 2002-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு பக்கக் கடிதத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அத்தைக்கு இதைச் சொன்ன பிறகுதான் அவருடைய கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

நேரில் பார்க்காமல் போனிலேயே பரிந்துரைப்பது சட்டப்படி சரிதானா?

கலிபோர்னியாவில் சரிதான். நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தகுந்த பரிசோதனையும் மருத்துவக் காரணமும் இல்லாமல் பரிந்துரைத்தால் அது தொழில்முறை ஒழுங்கீனம் என்றுதான் சொல்கிறது. தொலைவழி மருத்துவத்துக்கு உங்கள் சம்மதத்தை, வாய்மொழியாகவாவது, முதலில் கேட்க வேண்டும். டாக்டருக்குக் கலிபோர்னியா உரிமம் இருக்க வேண்டும். அடையாளம் சரிபார்ப்பதற்காகச் சிலர் வீடியோவும் கேட்பார்கள்.

அந்த அழைப்பில் என்ன கேட்பார்கள்? எப்படித் தயாராக வேண்டும்?

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். முதலில் ஒரு படிவம்: பெயர், பிறந்த தேதி, நோய், எவ்வளவு நாளாக. ஓட்டுநர் உரிமத்தின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். பிறகு டாக்டரிடமிருந்து அழைப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டு, அத்தை தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த எட்டு நிமிடம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அத்தை வார்ஃபரின் சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அந்த டாக்டர் கேட்கவே இல்லை. கஞ்சாவில் உள்ள பொருள்கள் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டலாம், ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். நானே குறுக்கிட்டுச் சொன்னேன். "சரி, உங்கள் டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் சோதனை அது. சொல்லாமல் விட்டிருந்தால்?

அதனால் அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் இருந்தால் சொல்லுங்கள். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை இருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வாய்திறக்காத விஷயம் இது என்று தெரியும். ஆனால் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. அந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய மருத்துவ அறிக்கை, ஸ்கேன் முடிவு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். உண்மையாகவே மருத்துவம் பார்க்கும் டாக்டர் அதைப் படிப்பார்.

எந்த நோய்களுக்குக் கொடுப்பார்கள்?

சட்டத்தில் இருக்கும் பட்டியல்: எய்ட்ஸ், பசியின்மை நோய், மூட்டுவாதம், நோயால் உடல் உருகி மெலிதல், புற்றுநோய், நாள்பட்ட வலி, கண் அழுத்த நோய், ஒற்றைத் தலைவலி, தொடர்ந்து வரும் தசை இழுப்பு, வலிப்பு, கடுமையான குமட்டல். இவற்றோடு, அன்றாட வாழ்க்கையை முடக்கும் வேறு எந்த நாள்பட்ட அறிகுறியும். இந்தக் கடைசி வரி மிக அகலமானது. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் கடிதம் கொடுப்பது அதை வைத்துத்தான்.

ஏமாற்று நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டாக்டரின் முழுப் பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். கலிபோர்னியா மருத்துவ வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டம் பெற்றவராக இருந்தால் அவர்களுக்குத் தனி வாரியம் உண்டு. பெயரைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே போனை வையுங்கள்.

"கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று பேசும் முன்பே உறுதி சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். பேசாமலே முடிவு தெரிந்தால் பரிசோதனை எங்கே நடந்தது? பரிந்துரைக்கும் டாக்டர் கஞ்சாக் கடையிடமிருந்து கமிஷன் வாங்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. "இந்தக் கடைக்கே போங்கள், தள்ளுபடி உண்டு" என்று டாக்டரே சொன்னால் ஏதோ சரியில்லை.

சிலரிடம் மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் சந்தா ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்கும் முன் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். அழைப்புக் கட்டணத்துக்கு அரசு விலை வைக்கவில்லை, காப்பீடும் தராது. இடத்துக்கு இடம் வித்தியாசப்படும்.

கவுன்டி அட்டையை எப்படி வாங்குவது?

விண்ணப்பப் படிவம், புகைப்பட அடையாளம், அந்தக் கவுன்டியில் வசிப்பதற்கான சான்று (வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது மாதிரி), டாக்டரின் கடிதம், கட்டணம். எந்த நாளில், எந்த முறையில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பது கவுன்டிக்குக் கவுன்டி மாறும். கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு நாள் வீணானது, அதுவும் கீமோ முடிந்த மறுநாள்.

கட்டணம் 100 டாலருக்கு மேல் போகக் கூடாது. மெடி-கேல் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்குப் பாதி. கவுன்டி டாக்டரின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு கடிதத்தைச் சரிபார்க்கும். முடிவெடுக்க 30 நாள், அதன் பிறகு அட்டையைத் தர 5 வேலை நாள் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. போனில் பேசிய நிறுவனம் சரிபார்ப்பு அழைப்பை எடுக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அதனால் "கவுன்டி கேட்டால் உறுதி செய்வீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அட்டையில் உங்கள் பெயர் போட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. படம், தனி எண், காலாவதி தேதி, கவுன்டியின் பெயரும் தொலைபேசி எண்ணும், எண்ணைச் சரிபார்க்கும் வழி, இவ்வளவுதான் கேட்கிறது. விண்ணப்பத் தகவல்களும் மருத்துவ ரகசியச் சட்டத்துக்குள் வரும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று அத்தை ரொம்பப் பயந்தார்.

21 வயதானால் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாமே, பிறகு அட்டை எதற்கு?

நியாயமான கேள்வி. 2016-ல் ப்ரொபசிஷன் 64 வென்று, 2018 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம் என்றாகிவிட்டது. நிறையப் பேருக்கு அட்டை தேவையே இல்லை.

தேவைப்படுவது யாருக்கு? கவுன்டி அட்டை இருந்தால் விற்பனை வரி கிடையாது. அந்த வரி மாநிலம் முழுக்க குறைந்தது 7.25 சதவீதம், ஊருக்கு ஊர் கூடும். ஆனால் கஞ்சாவுக்கான தனிக் கலால் வரியும் நகரம் போடும் வரியும் அட்டை இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். உங்கள் ஊரில் விற்பனை வரி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அட்டைக்குக் கொடுத்த 100 டாலர் திரும்பி வர வருடத்துக்குச் சுமார் 1,100 டாலருக்கு வாங்க வேண்டும். மாதம் ஒரு சின்னப் பாட்டில் எண்ணெய் வாங்குபவருக்கு நஷ்டம்தான்.

மற்றபடி, டாக்டரின் கடிதம் இருந்தால் 18 வயதிலிருந்தே வாங்கலாம். ஒரு நாளில் வாங்கும் அளவும் கூடும்: மற்றவர்களுக்கு 28.5 கிராம் கஞ்சாப் பூ, நோயாளிக்கு எட்டு அவுன்ஸ் (சுமார் 227 கிராம்). ஒரு பொதியில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. உள்ள மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் நோயாளிகளுக்கு மட்டுமே. உங்கள் நகரத்தில் கடையே இல்லையென்றாலும், நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதை 2024 ஜனவரி முதல் நகரங்கள் தடை செய்ய முடியாது. நடக்கவே முடியாமல் கிடந்த அத்தைக்கு இது பெரிய உதவி.

எச்-1பி-யில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். நான் வாங்கலாமா?

என்னைக் கேட்டால், வேண்டாம். குடியேற்ற வக்கீலிடம் பேசாமல் அந்தப் போன் அழைப்பைக்கூடச் செய்ய வேண்டாம்.

காரணம் இதுதான். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் மத்திய அரசின் கையில். கலிபோர்னியா என்ன அனுமதித்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போதைப்பொருள் சட்டத்தை மீறியதை நீங்களே அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால், அதை வைத்தே நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் பார்க்கும் "நன்னடத்தை"க்கு, மாநிலச் சட்டப்படி பயன்படுத்திய கஞ்சாவும் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரல் 19 அன்று எழுத்திலேயே அறிவித்தது.

எங்கெல்லாம் கேள்வி வரும்? விசா முத்திரைக்குச் சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போகும்போது நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். கிரீன் கார்டுக்கான ஐ-693 மருத்துவப் பரிசோதனையில் அரசு நியமித்த டாக்டர் கேட்பார். அவர் உங்கள் குடும்ப டாக்டர் அல்ல. விமான நிலையத்தில் எல்லை அதிகாரி போனைத் திறந்து பார்க்கலாம். அதில் கடிதத்தின் படமோ, கடை ரசீதோ, நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அங்கே கேள்வி தொடங்கிவிடும். மறைத்துப் பொய் சொன்னால் அது தனிக் குற்றம், இன்னும் மோசமானது. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இமிக்ரன்ட் லீகல் ரிசோர்ஸ் சென்டர் என்ற குடியேற்றச் சட்ட அமைப்பு பல ஆண்டுகளாகக் குடியேறியவர்களுக்கு இதே எச்சரிக்கையைத்தான் கொடுத்துவருகிறது: குடியுரிமை வரும்வரை தொடாதீர்கள், அட்டை வைத்திருக்காதீர்கள்.

பத்து வருடம், பதினைந்து வருடம் வரிசையில் நிற்பவர்கள் நம் ஆட்கள். முதுகுவலிக்கு ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கப்போய் அந்த வரிசையை இழப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போனில் பேசும் நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை. எங்களிடம் விசா பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை குடியுரிமை பெற்றவர் என்பதால் தப்பித்தோம்.

நோய் நிஜமாகவே கடுமையாக இருந்தால் வேறு வழி உண்டு. டிரோனாபினால் என்ற மாத்திரை டி.எச்.சி.யேதான், ஆய்வகத்தில் செய்தது. கீமோ வாந்திக்கு 1985-லேயே மத்திய மருந்து நிர்வாகம் அதை அனுமதித்துவிட்டது. சில அரிய வகை வலிப்புகளுக்கு எபிடியோலெக்ஸ் என்ற மருந்து 2018 முதல் இருக்கிறது. அது கஞ்சாவில் உள்ள, போதை தராத சி.பி.டி. என்ற பொருளால் ஆனது. இவற்றை உங்கள் டாக்டர் சீட்டு எழுதித் தருவார், மருந்துக் கடையில் வாங்கலாம், மத்திய சட்டத்துக்கும் உட்பட்டது. முதலில் இதைக் கேளுங்கள்.

அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். முழங்கால் வலி. என் பேரில் வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. அவருக்கு அட்டை கிடைக்காது, கவுன்டியில் வசிப்பவராக இருக்க வேண்டும். உங்கள் பேரில் வாங்கியதைக் கொடுத்தால், அடுத்த முறை விசா நேர்காணலில் உண்மையை மட்டுமே சொல்லத் தெரிந்த அந்த அம்மாதான் மாட்டிக்கொள்வார். பிசியோதெரபிக்கு அழைத்துப் போங்கள்.

ஊருக்குப் போகும்போது கொஞ்சம் எடுத்துப்போகலாமா?

ஒரு மிட்டாய்கூட வேண்டாம். கலிபோர்னியா எல்லையைத் தாண்டிய நொடியே மத்திய குற்றம், பக்கத்து மாநிலத்திலும் சட்டப்படி சரி என்றாலும்கூட. இந்தியாவில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அட்டையை ஏற்பதில்லை. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். சென்னைக்குப் போகிற நம்மில் பலர் சிங்கப்பூர் வழியாகத்தான் போகிறோம். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தியிருந்தாலும் ஊர் திரும்பியதும் தண்டிக்கப்படலாம். கைப்பை, கோட்டுப் பை, குழந்தைகளின் பை எல்லாவற்றையும் கிளம்பும் முன் கவிழ்த்துப் பாருங்கள்.

அலுவலகத்தில் சோதனை வைத்தால்?

2024 ஜனவரி 1 முதல், வேலை நேரத்துக்கு வெளியே பயன்படுத்தியதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலும் மத்திய அரசின் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகளும் அதில் வராது. லாரி ஓட்டுநர்களுக்கு மத்திய போக்குவரத்துத் துறையின் விதி, அதற்கு அட்டை ஒரு பொருட்டே இல்லை. போதையில் கார் ஓட்டினால் யாராக இருந்தாலும் குற்றம்.

எப்படி, எவ்வளவு எடுப்பது?

அளவை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் கற்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாயால் சாப்பிடுவது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று அத்தை நாற்பது நிமிடத்தில் இன்னொரு துண்டு சாப்பிட்டுவிட்டார். அன்று ராத்திரி முழுக்கத் தலைசுற்றலும் படபடப்பும், நாங்கள் யாரும் தூங்கவில்லை. அதன் பிறகு 2.5 மில்லிகிராமுக்கு இறங்கி வந்தோம். அது ஒத்துக்கொண்டது. மூன்றாம் நாள் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். 2019-ல் நுரையீரல் பாதிப்பால் பலர் இறந்ததற்கு முக்கியக் காரணம், திருட்டுத்தனமாக விற்ற வேப் புட்டிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். பேரக்குழந்தைகள் வரும் வீடென்றால் பூட்டி வையுங்கள், மிட்டாய்க்கும் இதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தவறிச் சாப்பிட்டுவிட்டால் விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222, எந்த நேரமும் எடுப்பார்கள். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ எழுப்ப முடியாவிட்டாலோ நேராக 911. அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

வேறு மாநிலத்தில் இருக்கிறேன். இதே முறைதானா?

இல்லை. புளோரிடாவில் முதல் சந்திப்பு நேரில்தான், புதுப்பிப்பதற்கு மட்டும் 2023 ஜூலையிலிருந்து தொலைவழி போதும். டெக்சஸில் அட்டை என்பதே கிடையாது, டாக்டர் மாநிலப் பதிவேட்டில் உங்கள் பெயரைச் சேர்ப்பார், அவ்வளவுதான். உங்கள் மாநில சுகாதாரத் துறையின் தளத்தைப் பாருங்கள், விளம்பரத்தை அல்ல.

எப்போது புதுப்பிக்க வேண்டும்?

கவுன்டி அட்டை ஓராண்டுக்குத்தான். கடிதத்தின் காலாவதியை டாக்டர் அதிலேயே எழுதியிருப்பார். கவுன்டி 30 நாள் எடுக்கலாம் என்பதால், இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். தேவை தீர்ந்துவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம், அபராதம் எதுவும் இல்லை. அத்தைக்குக் கீமோ முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய அட்டை வரும் மாதம் காலாவதியாகிறது, புதுப்பிக்கப்போவதில்லை.